எக்கோனியாவுக்குப் பின் பதின்மூன்று பேர்

2017 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பதினெட்டு நிமிடம். சேலத்தில் வானம் மூடிக் கிடந்தது. காலையில் பதினொரு நிமிடம் தூறியதோடு சரி, அதன்பின் காற்றே இல்லை. மண்டபத்தில் இருந்த பதினாறு மின்விசிறிகளில் மூன்று ஓடவில்லை. இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. அந்த நிமிடத்தில்தான், முந்நூறு பேர் முன்னிலையில், எண்ணிச் சொன்ன ஒரு விடையை எண்ணாமலே தவறு என்று தீர்ப்புச் சொன்னேன்.

விவிலிய வினாடி வினாக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நால்வரும் கேள்வி தயாரிக்கும் முறையை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். முறையில் ஒன்றுமில்லை. அதிகாரங்களைப் பிரித்துக்கொள்வது, எளிது கடினம் பார்த்து அடுக்குவது, எல்லாம் இரண்டு ஆண்டுகளில் தானாக வந்துவிடும். எனக்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் வராதது வேறொன்று. அதைத்தான் எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. படி ஏறினால் படி, சரக்கு ரயில் கடந்தால் பெட்டி. விவிலியத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் தலைமுறைப் பட்டியல்கள் எனக்கு அதனால்தான் பிடித்தன. வாயில் நுழையாத எபிரேயப் பெயர்களாகப் பொறுக்கி ஒரு குறிப்பேட்டில் முந்நூற்று நாற்பது சேர்த்து வைத்திருந்தேன். ஏதோம் அரசர்களில் ஏழாவது யார், இன்னாருடைய பாட்டன் யார் என்று கடைசிச் சுற்றில் ஒன்றை இறக்கினால் போதும், மேடையில் இருப்பவர்கள் விழிப்பார்கள். எனக்கு நிறைவாக இருக்கும். கேள்வி கடினமாக இருந்தால் தரமாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த ஆண்டு இறுதிச் சுற்றுக்கு மூன்று அணிகள் வந்தன. போட்டியில் வயது வரம்பு இல்லை, அணிக்கு மூவர். ஒரு அணி சேலம் நகரத்தின் பெரிய பங்குக் கோயிலிலிருந்து வந்திருந்தது. இன்னொன்று சங்ககிரிப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கிளைக் கோயிலிலிருந்து. அங்கே மொத்தமே பத்தொன்பது குடும்பங்கள். அந்த அணியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், செவிலியர் படிப்பு படிக்கும் பெண் ஒருத்தி, தலைவியாகச் சகாயமேரி. வயது நாற்பத்து மூன்று. சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில், வண்டியில் ஏற்றும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலை. மூன்றாவது அணி தொடக்கக் கேள்விகளிலேயே பின்தங்கிவிட்டது.

முதல் பரிசு ஒரு மைக் செட். ஆம்ப்ளிஃபயர், இரண்டு பாக்ஸ், மைக், ஸ்டாண்டு. நகரப் பங்கில் ஏற்கெனவே இரண்டு செட் இருந்தன. கிளைக் கோயிலில் ஒன்றுமில்லை. பூசை நேரத்தில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால் வாசகம் யார் காதிலும் விழாது. அதனால் அந்தச் சனம் பரிசுக்காக எவ்வளவு ஏங்கியது என்பதை அவர்களுடைய கைதட்டலிலேயே கேட்க முடிந்தது. ஒரு வேன் நிறைய, இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள்.

கடைசிக் கேள்விக்கு முன் கிளைக் கோயில் 71, நகரம் 68. கேள்வி சகாயமேரிக்கு வந்தது. வினாக் கேட்டுக்கொண்டிருந்த இளம் குருவானவர் என் தாளிலிருந்து படித்தார்: "பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றபின், கிறிஸ்து வரை, மத்தேயு தரும் பட்டியலில் எத்தனை தலைமுறைகள்?"

என் விடைத்தாளில் பதினான்கு. பட்டியலின் முடிவில் மத்தேயுவே கூட்டுத்தொகை தருகிறார். ஆபிரகாம் முதல் தாவீது வரை பதினான்கு, தாவீது முதல் சிறைவாசம் வரை பதினான்கு, அங்கிருந்து கிறிஸ்து வரை பதினான்கு.

"பதிமூணுங்க," என்றார் சகாயமேரி.

குருவானவர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஏனுங்க சார், எண்ணிப் பாருங்க," என்று என் மேசைப் பக்கம் திரும்பினார் அந்தப் பெண்.

"பதினேழாம் வசனத்தில் பதினான்கு என்று அச்சிலேயே இருக்கிறதம்மா."

"அச்சுல இருக்குதுங்க. ஆளு இல்லீங்களே. நான் சொல்றேன், நீங்க வெரல் மடக்குங்க. செயல்தியேல், செருபாபேல், அபியூது, எலியாக்கிம்…"

நேரம் முடிந்ததென்று அடிக்கும் மணி என் கையில் இருந்தது. சிறப்பு விருந்தினர் இரண்டாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியூர் வேன்கள் கிளம்ப வேண்டும். பட்டியலை அப்போது திறந்தால், இருபத்து மூன்று ஆண்டுகளில் நான் கொடுத்த எல்லா விடைகளையும் யாராவது திறப்பார்கள் என்று பயந்தேன். அசோர் என்ற பெயர் அவர் வாயில் இருக்கும்போது மணியை அடித்தேன்.

கேள்வி நகர அணிக்குப் போனது. "பதினான்கு," என்றான் ஒரு கல்லூரிப் பையன். ஐந்து மதிப்பெண். 73க்கு 71. மைக் செட் நகரத்துக்குப் போனது.

அன்று வீடு திரும்பும் பேருந்தில் எண்ணினேன். செயல்தியேல் ஒன்று, செருபாபேல் இரண்டு, அபியூது மூன்று, எலியாக்கிம் நான்கு, அசோர் ஐந்து, சாதோக்கு ஆறு, ஆக்கிம் ஏழு, எலியூது எட்டு, எலயாசர் ஒன்பது, மாத்தான் பத்து, யாக்கோபு பதினொன்று, யோசேப்பு பன்னிரண்டு. இயேசு பதின்மூன்று. மற்ற இரண்டு பகுதிகளையும் எண்ணினேன். இரண்டிலும் சரியாகப் பதினான்கு. மூன்றாவதில் மட்டும் ஓராள் குறைகிறது.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

"எத்தனையாவது தடவை?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஆறாவது."

"அவங்க யாரும் எங்கேயும் போயிட மாட்டாங்க. தோசை ஆறுது."

படி எண்ணுகிறவன், பெட்டி எண்ணுகிறவன், இதை ஏன் எண்ணவில்லை? கூட்டுத்தொகை கீழே போட்டிருந்ததால். மாணவர்கள் யாராவது இப்படிப் பின்பக்க விடையைப் பார்த்து எழுதியிருந்தால் நான் வெளியே நிறுத்தியிருப்பேன்.

மறுநாள் காலை முதிய குருக்கள் தங்கும் இல்லத்துக்குப் போனேன். குருமடத்தில் எபிரேயம் கற்பித்த ஒரு குருவானவர் அங்கே இருந்தார். கேள்வி தயாரிக்கும் வேலையை முதலில் என் தலையில் கட்டியவர் அவர்தான். எண்பத்தாறு வயது, இடது காது கேட்காது, காலையில் எப்போதும் சிடுசிடுப்பு. வலது பக்கம் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன்.

"எத்தனை தடவை எண்ணினே?"

"ஒன்பது தடவை ஃபாதர்."

"போட்டிக்கு முன்னாடி?"



"பூஜ்யம்," என்று விடையையும் அவரே சொன்னார்.

பதினான்குக்கு விளக்கங்கள் உண்டு என்றார். இரண்டாம் பகுதியின் கடைசிப் பெயரான எக்கோனியாவை மூன்றாம் பகுதியிலும் சேர்த்து எண்ணினால் கணக்கு ஒத்துவரும். எபிரேயத்தில் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு, தாவீது என்ற பெயரின் மூன்று எழுத்துகள் நான்கு, ஆறு, நான்கு. கூட்டினால் பதினான்கு. இயேசு தாவீதின் மகன் என்று அழுத்திச் சொல்லத்தான் மத்தேயு பதினான்கு பதினான்காக அடுக்கினார் என்பார்கள். படி எடுத்தவர் கையில் ஒரு பெயர் விடுபட்டிருக்கலாம் என்போரும் உண்டு. எனக்கு உடம்பில் கொஞ்சம் உயிர் வந்தது.

"அப்படியானால் என் விடையும்…"

"நீ சொன்ன பதினாலும் நிக்கும், அந்தம்மா சொன்ன பதிமூணும் நிக்கும். நிக்காதது ஒண்ணுதான். அந்தம்மா பேரைச் சொல்ல ஆரம்பிச்சப்போ நீ மணி அடிச்சது." பிறகு, "இருபத்து மூணு வருசமா அந்தப் பேர்களை வச்சு என்ன பண்ணிட்டிருந்தே?" என்றார்.

"கேள்வி கேட்டேன்."

"வழியில முள்ளு போட்டுட்டிருந்தே. ஒரு பேருக்காவது அர்த்தம் பார்த்தியா? செயல்தியேல்னா கடவுள்கிட்ட கேட்டேன்னு அர்த்தம். கேட்டு வாங்கின பிள்ளை. செருபாபேல், பாபிலோன்ல முளைச்ச விதை. சிறைப்பட்டுப் போன ஊர்ல பிறந்தவன். அசோர்னா உதவி. எலயாசர், கடவுள் உதவினார். மாத்தான், கொடை. நம்ம சனம் பிள்ளைக்கு எப்படிப் பேர் வைக்குது? ஆரோக்கியம், அருளப்பன், சகாயம். அந்தம்மா பேரென்ன?"

"சகாயமேரி."

"அப்ப எலயாசர் வீட்டு ஆளு," என்று சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கினார்.  இனி என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, தூக்கம் வருகிறது என்றார்.

திரும்பி வரும்போது அந்தப் பட்டியலை முதல் முறையாகப் பெயர் பெயராகப் படித்தேன். முதல் பகுதியில் குலத்தந்தைகள், அவர்களுக்கு ஆடுகளும் கிணறுகளும் கதைகளும் உண்டு. இரண்டாம் பகுதியில் அரசர்கள், அவர்களுக்குப் போர்கள். மூன்றாம் பகுதியில் அபியூது முதல் யாக்கோபு வரை ஒன்பது பேர். அந்தப் பெயர்களில் சிலவற்றை வேறு இடத்தில் பார்க்கலாம், ஆனால் இந்த ஒன்பது மனிதர்களைப் பற்றி விவிலியத்தில் வேறெங்கும் ஒரு வரி கிடையாது. அரியணை போய்விட்டது. கோயிலைத் திருப்பிக் கட்டிய ஊரில் ஏதோ வேலை பார்த்து, பிள்ளை பெற்று, அதற்கு உதவி என்றும் கொடை என்றும் பேர் வைத்து, செத்துப் போனவர்கள். அவர்களில் ஒருவரை எடுத்துவிட்டால் யோசேப்பு வரை போய்ச் சேர முடியாது. இவர்களைத்தான் நான் குறிப்பேட்டில் சேர்த்து வைத்து, ஆண்டுக்கு நான்கைந்து பேராக மேடையில் எறிந்துகொண்டிருந்தேன்.

போட்டிக் குழுச் செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். இரு அணிகளுக்கும் முதல் பரிசு என்று அறிவிக்க வேண்டும் என்றேன்.

"சார், ஒன்பதாவது விதி என்ன?"

"விடைத்தாளே இறுதியானது."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

 வியாழக்கிழமை சங்ககிரிக்குப் பேருந்து ஏறினேன். போகாமல் இருக்க மூன்று காரணங்கள் கைவசம் இருந்தன: முழங்கால், சர்க்கரை, வெட்கம். சேலம் ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டும்வரை மூன்றையும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தேன்.

புக்கிங் ஆபீசின் பின்பக்கக் கொட்டகையில் ஒரு லாரி நின்றது. கதவோரம் சகாயமேரி சாக்கட்டியோடு நின்று, மூட்டைக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு என்று பலகையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்தும் திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தி இருக்கச் சொன்னார். கடைசி மூட்டை ஏறியபின் கோடுகளைக் கூட்டி, அதற்குப் பிறகுதான் பில்லை எடுத்து ஒப்பிட்டார். ஒத்துப்போனது போலும், கையெழுத்துப் போட்டார்.

"முதலில் பில்லைப் பார்க்க மாட்டீர்களா?" என்று கேட்டேன்.

"பில்லைப் பார்த்துப்போட்டு எண்ணுனா, எண்ணறப்பவே பில்லுதாங்க வாயில வரும். ஏனுங்க சார், இவ்ளோ தூரம்?"

"எண்ணிப் பார்த்தேனம்மா. பதின்மூன்றுதான்."

"எனக்குத் தெரியுமுங்க." சாக்கட்டித் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம் எங்க கோயில்ல அதைத்தாங்க வாசிப்பாங்க. நடுராத்திரிப் பூசைக்கு ஃபாதரு பெரிய கோயிலுக்குப் போயிருவாரு, எங்களுக்கு ஆறரைக்கே ஆரம்பிச்சிருவாரு. லாரிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுங்க. அதனால புஸ்தகத்துல வெரலு வெச்சுப் படிச்சுட்டே எண்ணுவேன். பன்னெண்டு வருசமா பதிமூணுதாங்க வருது."

நேர்மையாக இருக்க வேண்டுமே என்று, எக்கோனியாவை இரண்டு முறை எண்ணும் விளக்கத்தையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். மூட்டை தூக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரே மூட்டைய ரெண்டு லாரியில எழுதுனா எங்க மொதலாளி அன்னிக்கே என்னைத் தொரத்தீருவாருங்க!"

நானும் சிரித்தேன். பிறகு, மைக் செட்டை என் செலவில் வாங்கித் தந்துவிடுகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். பெருந்தன்மையாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு. அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"மைக்கு பெறகுங்க சார். வேன்ல திரும்பி வாரப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. படிச்ச வாத்தியாருகிட்ட வாயாடி மைக்கைத் தொலைச்சுட்டாளாமா. கோயில்ல பாதிப்பேரு எங்கூடப் பேசறதில்லீங்க. எங்கூட்டுக்காரரே, பேசாம பதினாலுன்னு சொல்லீட்டு வந்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்ங்கிறாரு. நீங்க கமுக்கமா மைக்கு வாங்கிக் குடுத்தா, வாத்தியாரு பாவப்பட்டுக் குடுத்தாருன்னு ஆயிரும். நான் தப்புன்னுதானுங்க ஆகும்."

"நான் என்ன செய்யட்டும்?"

"வந்து சொல்லுங்க. அல்லாரு முன்னாலயும்."

புதியவர்களே, இங்கேதான் நிறுத்திச் சொல்கிறேன். மைக் செட் வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் கேட்டது சுலபமில்லை. உங்கள் தீர்ப்பால் ஒருவருக்குப் போனது மதிப்பெண் மட்டும்தான் என்று மேடையில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றும். அவர் வேனில் ஏறி ஊருக்குப் போகிறார், அங்கே அவரோடு யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. நான்கு மாதம் கேள்வி தயாரிக்கிறோம். தீர்ப்புக்கு நான்கு விநாடி எடுத்துக்கொள்கிறோம். தவறு நான்கு மாத வேலையில் நடப்பது குறைவு.

டிசம்பர் 24, மாலை ஐந்து மணிக்கு மைக் செட்டோடு கிளைக் கோயிலில் இறங்கினேன். கடைக்காரப் பையன் பாக்ஸ்களைச் சுவரில் மாட்டினான். இரண்டாவது பாக்ஸ் வாசலுக்கு எட்டவில்லை. சகாயமேரி ஒயரை முழம் போட்டார், பிறகு பில்லை வாங்கிப் பார்த்தார்.

"பில்லுல முப்பது மீட்டருங்க. ஒயரு இருபத்தெட்டுதான்."

கடைக்காரப் பையன் மறுபடி அளந்தான். இருபத்தெட்டுதான். எதிர்ப்புற எலக்ட்ரிக் கடையில் இரண்டு மீட்டர் வாங்கி வந்தேன். தபால்காரர் அதை முறுக்கி ஒட்டினார்.

ஆறரைக்கு முன், பங்குத்தந்தையின் அனுமதியோடு மைக் முன் நின்றேன். எழுபது பேர் இருந்தார்கள். 

"நவம்பர் பத்தொன்பதாம் தேதி உங்கள் அணி தோற்கவில்லை. உங்கள் தலைவி எண்ணிவிட்டுச் சொன்னார். நான் எண்ணாமல் மணியை அடித்தேன். அவர் வாயாடவில்லை. என்னை எண்ணச் சொன்னார், நான் எண்ணியிருக்க வேண்டும். பதினான்கு என்று சொன்னால் பரிசு கிடைக்கும் என்று தெரிந்திருந்தாலும் அவர் பதின்மூன்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இன்று வாசிக்கும்போது நீங்களே எண்ணிப் பாருங்கள்."

நற்செய்தி வாசகம் தொடங்கியது. சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துப் போனது. பங்குத்தந்தையின் குரல் அதற்கு மேலே கேட்டது. செயல்தியேல் வந்ததும் கோயில் முழுக்க விரல்கள் மடங்கத் தொடங்கின. கிழவிகள், பிள்ளைகள், வாசலில் நின்ற ஆண்கள். அபியூது. அசோர். ஆக்கிம். எங்கோ இருந்த யாரோ ஒன்பது பேருக்கு, எழுபது பேர் ஆளுக்கொரு விரல் மடக்கினார்கள். இயேசுவின் பெயர் வந்ததும் தபால்காரருக்குப் பொறுக்கவில்லை.

"பதிமூணுங்க ஃபாதர்!"

பங்குத்தந்தை வரியைத் தவறவிட்டுச் சிரித்தார். கோயிலே சிரித்தது. சகாயமேரி மட்டும் விரல் மடக்கவில்லை. அவர் வாசல் பக்கம் திரும்பி, தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்பதாம் விதியை, போட்டியாளர் கேட்டால் சரிபார்த்த பின்பே தீர்ப்பு என்று நானே மாற்றி எழுதினேன், குழு ஏற்றுக்கொண்டது. பழைய குறிப்பேட்டை உங்களுக்குத் தருகிறேன். முந்நூற்று நாற்பது பெயர்களில் இருநூற்றுப் பதினொன்றுக்கு எதிரே பொருள் எழுதியிருக்கிறேன், மீதியை நீங்கள் எழுதுங்கள். எழுதாத பெயரைக் கேள்வியில் போடாதீர்கள். ஒருவர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் கடைசிப் பெயர் வரை சொல்ல விடுங்கள். அந்தப் பதின்மூன்று பெயர்களையும் நிதானமாகச் சொல்லக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது விநாடி ஆகிறது.

அன்று அந்தப் பத்தொன்பது விநாடியை மிச்சம் பிடித்ததற்கு எனக்கு ஆன செலவு, பேருந்துக் கட்டணமும் கடைசியாக வாங்கிய இரண்டு மீட்டர் ஒயரும் சேர்த்து, பதினேழாயிரத்து நானூற்று அறுபத்து நான்கு ரூபாய்.